சத்துமா உருண்டை

கதிரவெளிப் பக்கம் நான் மருத்துவமாது. இன்று கிளினிக்கில் ஒரு கர்ப்பிணியிடம் சத்துமாப் பொதியை நீட்டி, "நீங்கதானே சாப்பிடுற?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸி," என்றாள். பக்கத்தில் நின்ற அவள் மகளின் உதட்டோரத்தில் மா ஒட்டியிருந்தது.

அந்த வறுத்த சோள வாசம் எனக்குப் பழையது. தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கும் இந்த மா கிடைத்தது. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டி எங்கள் மூவருக்கும் பங்கிடுவாள். "அதத் திண்டா எனக்கு வயித்தப் பிரட்டிச் சத்தி வரும்," என்பாள். நம்பினோம். தம்பி எடை குறைந்தே பிறந்தான். பிறகொரு நாள், நாங்கள் இல்லையென்று நினைத்து, காலிப் பொதியின் மடிப்பில் ஒட்டியிருந்ததை அம்மா விரலால் வழித்துத் தின்பதைப் பார்த்தேன்.

பொதியைப் பிரித்து, வெந்நீர் விட்டு ஓர் உருண்டை பிடித்து அந்தக் கர்ப்பிணியிடம் கொடுத்தேன். "என்ட கண்ணுக்கு முன்னால சாப்பிடுங்க."

அவள் அதை இரண்டாகப் பிட்டாள்.