ஜட்ஜ் துரையின் கறுப்புத் துணி

லாஸ்பேட்டையில் என் வீட்டு வாசலில் தினமும் நான் ஸ்கூட்டர் சீட்டைத் துடைக்கிற துணி ஒரு காலத்தில் ஆளைக் கொன்ற துணி. சதுரமான கறுப்புப் பட்டு. தூக்குத்தண்டனை சொல்லும்போது நீதிபதி தலையில் போட்டுக்கொள்வது. "என்னாக்கா, பட்டால தொடைக்கிறீங்க?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். பழைய துணிதான் என்று சொல்லி வைத்தேன்.

அது ஜட்ஜ் துரையுடையது. அயர்லாந்துக்காரர். ஆங்கிலேயர் ஆண்ட ஆப்பிரிக்க நாடுகளில் ஜட்ஜாக இருந்தவர். அந்த நாடுகள் விடுதலை வாங்கியதும் பென்ஷனோடு புதுச்சேரிக்கு வந்து, கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டில் குடியேறினார். சொந்த ஊர் குளிரும், இங்கே வெயிலும் வேலைக்காரர்களும் மலிவு என்பார். தன் உத்தியோக வாழ்க்கையை அவர் சொல்லச் சொல்ல டைப் அடிப்பது என் வேலை. உங்களுக்கென்று ஒரு மொழி கிடையாதா என்று ஒருமுறை கேட்டேன். உண்டு, அம்மா பேசிய மாட்டுக்கொட்டகைப் பேச்சு, எப்போதோ மறந்துவிட்டேன் என்றார்.

விருந்தாளிகள் வந்தால் ஒரு கதை நிச்சயம். மாடு மேய்க்கிற ஒருவனுக்கு இவர் தூக்கு விதித்தாராம். அவன் கூண்டைப் பிடித்துக்கொண்டு அழுது அழுது பேசினானாம். துரைக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. என்ன சொல்கிறான் என்று கேட்டாராம். மொழிபெயர்ப்பாளருக்குச் சாப்பாட்டு நேரம். 'நன்றி சொல்கிறான், பிரபு' என்றாராம். மேசையே குலுங்கும். பரிமாறிக்கொண்டிருந்த சமையல்கார பாய், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பிறகு என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஒருநாள் துரையின் வெள்ளி மூக்குப்பொடி டப்பாவைக் காணவில்லை. அன்றும் விருந்து. துரை கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, பாயை மேசை முன்னால் நிறுத்தி விசாரித்தார். நான் மொழிபெயர்ப்பாளர். "என் புள்ளைங்க மேல சத்தியமா நான் எடுக்கல. இந்த வூட்டு உப்பத் தின்னவன், எனக்கு எதுக்கு அது? பொண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கு, என் பேரக் கெடுத்துடாதீங்கய்யா." ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். பாதியிலேயே துரை கையைக் காட்டினார். குற்றவாளி, இன்றே வெளியேற வேண்டும். விருந்தாளிகள் கை தட்டினார்கள்.

அடுத்த மழைக்கு துரையின் மழைக்கோட்டுப் பையிலிருந்து டப்பாவை நானே எடுத்தேன். பாயைக் கூப்பிடலாமா என்றேன். தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது, இங்கே அப்பீல் கிடையாது என்று பொடி போட்டுக்கொண்டார். அதற்குள் தெரு முழுக்க பாய் 'டப்பா பாய்' ஆகியிருந்தார். பேசிய கல்யாணம் நின்றுபோனது. நோணாங்குப்பத்தில் படகுச் சவாரிக்கு வருகிறவர்களுக்கு மீன் வறுத்துப் பிழைத்தார்.

வருடங்கள் கழித்து துரைக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு பாயும் வந்தார். "நீ எடுக்கலன்னு அவரு வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பாப்பா" என்றார். சொல்ல துரையிடம் ஆங்கிலமே இல்லை. நோய் அதைத் துடைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைப் பேச்சை மட்டும் விட்டுவைத்திருந்தது. பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அந்தப் பேச்சில் எதையோ கெஞ்சினார். மன்னிப்போ, தண்ணீரோ, அம்மாவோ, யார் கண்டது? நான் சொன்ன ஆங்கிலமும் அவருக்கு எட்டவில்லை.

"என்னா கேக்குறாரு?" என்று நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் தன் கையை விடுவித்துக்கொண்டார்.

"நன்றி சொல்றாரும்மா."

நர்ஸுக்குச் சந்தோஷம். "பரவால்ல தாத்தா" என்று அவர் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். துரை பேசிக்கொண்டே இருந்தார். நானும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. அதற்காக இன்றுவரை வருந்தியதும் இல்லை.

அந்த வாரமே அவர் போய்ச் சேர்ந்தார். வீட்டைக் காலி செய்த அன்று, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் வீட்டுக்காரர். நான் துணியை எடுத்தேன். கூட வந்த பாய் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"நான் தொட்டா திருட்டு, பாப்பா. தீர்ப்பு இன்னும் அப்படியேதான இருக்குது?"

இன்று காலை பனியில் சீட் நனைந்திருந்தது. துணியை நன்றாக அழுத்தித் துடைத்தேன்.