பந்தலுக்குக் கீழே நாற்பத்தொன்று

பேச்சியம்மா கிராஞ்சிக் கடலில் கடலட்டை வளர்க்கப் போகிறார் என்றதும் முதலில் சிரித்தவன் நான்தான். மூன்று வயதில் தகப்பனின் கம்பளிக்குள் சுருண்டு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர் அவர். ஐம்பது வயதுவரை வயலைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஆனாலும் விடாப்பிடியாக நின்று, முழங்கால் தண்ணீரில் வலை அடைத்து ஒரு பண்ணை எடுத்துவிட்டார். விட்ட அறுநூறு குஞ்சுகளில் பாதிக்குமேல் பிழைத்தால்தான் அடுத்த வருடமும் பண்ணை அவருக்கு என்பது எங்கள் மீனவர் சங்கத்தின் விதி. எண்ணும் வேலை சங்கச் செயலாளரான எனக்கு.

பல்கலைக்கழக மாணவி யதுர்ஷிகா பேச்சியம்மாவிடம் கேட்டு, நடுவில் வலை போட்டுப் பண்ணையை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பக்கம் முந்நூறு, இதே கரையோரத்து அட்டைகளின் குஞ்சுகள். மறுபக்கம் முந்நூறு, குளிர்ந்த ஆழக்கடல் அட்டைகளின் குஞ்சுகள். இனம் ஒன்றுதான். சூட்டைத் தாங்குவதில் பரம்பரை வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்கப்போகிறாளாம்.

சித்திரை வெயிலில் தண்ணீர் காலைச் சுட்டது. பேச்சியம்மா என்ன செய்தார் தெரியுமா? ஆழக்கடல் பக்கத்துக்கு மட்டும் தென்னோலையால் பந்தல் போட்டுவிட்டார்! தேயிலை நாற்றுக்குப் பந்தல் போட்டுப் பழகிய குடும்பம் அல்லவா.

"ஐயோ அன்ரி, ரெண்டு பக்கமும் ஒரே வெயில் இருக்கவேணும். என்ர ஆராய்ச்சி போச்சு!" யதுர்ஷிகா தலையில் கை வைத்தாள்.

"குளிருக்குப் பிறந்ததுகள் பிள்ளை. சும்மா பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியோ?"

வைகாசியில், கடல் வற்றிய நேரம் மண்ணைக் கிண்டி எண்ணினோம். வெயிலில் கிடந்த கரையோரத்துப் பக்கம் இருநூற்று அறுபத்தேழு. பந்தலுக்குக் கீழே பெரும்பாலும் வெறும் மண்தான் கைக்கு வந்தது. பேச்சியம்மா கிண்டிய இடத்தையே திரும்பவும் கிண்டினார். அன்று சிரித்த நானே ஒன்றுகூடத் தவறக்கூடாதென்று மண்ணை அலசினேன். முப்பதை எட்டினோம். பாதியைத் தாண்ட இன்னும் நான்கு வேண்டும். கடைசி மூலையில் கை விட்டேன். ஒன்று, இரண்டு, ஐந்து... பதினொன்று. பந்தல் பக்கத்துக் கணக்கு நாற்பத்தொன்றில் நின்றது. மொத்தம் முந்நூற்றெட்டு! சேற்றுக் கையோடு பேச்சியம்மா என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

யதுர்ஷிகாவுக்கும் கொண்டாட்டம். "நிழல் இருந்தும் இவ்வளவு செத்திருக்கு அன்ரி. அப்ப வித்தியாசம் பரம்பரையிலதான்! மிஞ்சினதுகளுக்குச் சூடு தாங்கிற குணம் இருக்குப்போல. எனக்குத் தாங்கோ, கம்பசுக்குக் கொண்டுபோய்ப் பெருக்குவம்."

பேச்சியம்மா குறுக்கே வந்து நின்றார். "பெருக்கிறதெண்டா இஞ்சயே வந்து பெருக்கு. வந்த இடத்தில பிழைச்சதுகளைத் திருப்பியும் இடம் மாத்தாதை."

"சரி அன்ரி, இஞ்சயே வாறன்" என்று யதுர்ஷிகா பந்தல் கயிற்றைப் பிடித்தாள். விலகிக் கிடந்த ஓலையைக் கட்ட நானும் கை கொடுத்தேன்.