வாய்விட்டு நினைப்பது

என் மகள் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். மனிதர்கள் கணினித் திரையில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் படிப்பும் பிழைப்பும். அந்த வேலை நிரந்தரமாகுமா, ஒப்பந்தம் முடிந்து வெளியே வர வேண்டுமா என்று முடிவு செய்யும் மூன்று பேராசிரியர்கள் அன்று அவளுடைய சோதனையை நேரில் பார்க்க வருவதாக இருந்தது. சோதனைக்கு உட்கார ஒப்புக்கொண்ட பெரியவருக்குக் காய்ச்சல். ஃபேரர் பார்க் பக்கம் மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு நான் வெளியே வந்ததும் போன் வந்தது.

"அப்பா, நீங்க வந்து உக்காருங்க. சும்மா செஞ்சு காட்டத்தான். என் அப்பான்னு சொல்லிடுவேன்."

"நானா? ப்ரைமரியோட நின்னவன்மா. தப்பா எதையாவது அமுக்கி உன் வேலைக்கு உலை வச்சுட்டா?"

"ஒண்ணும் ஆகாது லா. மனசுல என்ன தோணுதோ அத வாய்விட்டுச் சொல்லணும், அவ்வளவுதான்."

டோபி காட் நிலையத்தில் ரயில் மாறும்போதே கை சட்டைப் பையில் ஜெபமாலையைத் தேடியது.

அறையில் ஒரே குளிர். மூவரும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள். மகள் பக்கத்தில்தான் இருந்தாள், ஆனால் உதவக் கூடாதாம். மாத்திரை வாங்கத் திரையில் பதிவு செய்ய வேண்டும். முதல் பக்கத்தையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்கப்பா."

என்னத்தை நினைப்பேன்? சட்டைப் பையில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே" என்றேன். பெயரைத் தட்டினேன், அடுத்த பக்கம் வந்தது. "மாதாவே, எம் பிள்ளையக் காப்பாத்தும்." ஒரு பொத்தானை அமுக்கினேன். நிரப்பியதெல்லாம் மறைந்து திரை வெறுமையானது.

போச்சு, அவள் இத்தனை வருஷம் பட்ட பாட்டை என் விரலால் அழித்துவிட்டேன் என்றே நினைத்தேன். எழுந்து மூவரையும் பார்த்துக் கைகூப்பினேன். "தப்பு நான் பண்ணது சார். அவள ஒண்ணும் செஞ்சிராதீங்க."

மகள் தலை குனிந்தபடி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்களில் மூத்த அம்மாள் ஏதோ கேட்டார்.

"எந்தப் பக்கத்துல மாதாவக் கூப்பிட ஆரம்பிச்சீங்கன்னு கேக்குறாங்கப்பா."

"ரயில்லேருந்தேம்மா."

மூவரும் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "திரைதான்ப்பா சரியில்ல, நீங்க இல்ல" என்று மகள் வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். நான் நம்பவில்லை.

முடிவு வர நாளானது. போன் அடித்தாலே அவள் பெயரா என்று பார்ப்பேன். ஒரு மத்தியானம் அவள் பெயர் தெரிந்தபோது பச்சையை அமுக்க விரல் போகவில்லை. எப்படியோ அமுக்கினேன்.

"அப்பா, நிரந்தரம் பண்ணிட்டாங்க."

"மாதாவே" என்றேன்.

அவளும் அழுதுகொண்டிருந்தாள். "இப்ப எந்தப் பக்கத்துல இருக்கீங்கப்பா?" என்றாள்.