வாத்தியார் இருந்த பாடம்

பத்தாம் வகுப்பு முடித்துப் பதினொன்றில் சேரப் போனபோது, என்ன குரூப் வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். உயிரியல் என்றேன்.

"உயிரியலுக்கு வாத்தியார் போடத்தான் செய்றாங்கம்மா. வந்து குளிரைப் பாத்துட்டு மாறுதல் வாங்கிட்டுப் போயிடுறாங்க. வேளாண்மைக்கு ஒரு சார் இருக்கார். வாடகைக்கு வீடு எடுத்துக் குடும்பத்தோட தங்கிட்டார்."

அப்படித்தான் நான் வேளாண்மைத் தொழிற்பிரிவு மாணவி ஆனேன். எங்கள் மேல்மலை ஊரில் வீட்டுக்கு வீடு பூண்டு வெள்ளாமைதான். அப்பா விசாரித்தார்.

"பள்ளிக்கூடத்துல என்ன சொல்லித் தர்றாங்க?"

"பாத்தி கட்டுறது, விதைப்பூண்டு பிரிக்கிறது."

"அந்தச் சோலிக்கு மார்க்கு போடுறாங்களா?"

"போடுறாங்கப்பா."

"அப்பச் சரி" என்று காட்டுக்குப் போய்விட்டார்.

வேளாண் கல்லூரிகளில் தொழிற்பிரிவுப் பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கியிருப்பது அந்த சாருக்குத் தெரிந்திருந்தது. பள்ளியில் வேறு யாருக்கும் தெரியாது. அதனால் அதுவரை யாரும் விண்ணப்பித்ததும் இல்லை. சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான தண்ணீர்த் தொட்டியடியில் நின்று, தன் போனிலேயே எனக்கு விண்ணப்பித்தார். இடம் கிடைத்தது.

கல்லூரியில் முதல் பருவத்திலேயே கணிதம் இருந்தது. நான் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவள். இன்டகிரேஷன் குறியை அச்சுப்பிழை என்று நினைத்து விட்டுவிட்டுப் படித்தேன். தேர்வில் தேறவில்லை.

விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் நாமக்கல் பக்கம் ஒரு தனியார் உறைவிடப் பள்ளியில் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கை அங்கே பதினொன்றிலேயே முடித்துவிட்டார்களாம். எனக்குச் சொல்லித்தர உட்கார்ந்தாள். கை நிற்காமல் போட்டுக்கொண்டே போனாள்.

"இது எதுக்குப் பயன்படும்?" என்றேன்.

"தெரியல. எங்க ஸ்கூல்ல அதெல்லாம் கேட்டா டைம் வேஸ்ட்டும்பாங்க."

அவளுக்கு வேறொரு சங்கடம். அந்தப் பள்ளியில் மணி அடித்து எழுப்பி, மணி அடித்துப் படிக்கவைத்து, மணி அடித்துத் தூங்கவைத்திருக்கிறார்கள். கல்லூரி விடுதியில் மணி கிடையாது. அவள் எழுந்திருக்கவில்லை. வருகைப்பதிவு குறைந்துபோய், இப்படியே போனால் தேர்வெழுத விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

"யாராவது சொன்னாத்தான் எனக்கு எதையும் செய்ய வருது."

எனக்கு வெள்ளனே முழிப்புத் தட்டிவிடும். நான் சொல்கிறேன் என்றேன். மறுநாளிலிருந்து காலையில் நான் அவளை எழுப்பினேன். சாயங்காலம் அவள் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். எங்கள் இரண்டு பள்ளிகளும் விட்டுவைத்த வேலை இப்படி நடந்தது.

மறுமுறை எழுதிக் கணிதத்தில் தேறினேன். முடிவு வந்த காலையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தட்டி எழுப்பிச் சொன்னேன்.

கண்ணைத் திறக்காமல், "பாஸ்தானே?" என்றாள்.

"பாஸ்தான்."

"போதும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

முதல் வகுப்புக்கு நேரமாகியிருந்தது. போர்வையை உருவிப் போட்டு, வெரசாக் கிளம்பு என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன்.