ஒரே வீட்டில் ஆறு காலண்டர்

இன்று திருப்பாதிரிப்புலியூரில் விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு வீட்டைப் படம் எடுக்கப் போனேன். விளம்பரத்துக்கு வீட்டை அழகாகக் காட்டித் தருவதுதான் என் தொழில்.

சுவர் முழுக்கப் புது பெயின்ட். சோபாவை ஜன்னலோரம் நகர்த்தினேன், கொடியில் கிடந்த துணிகளை எடுத்தேன். ஒன்று மட்டும் உறுத்தியது. ப்ளக் பாயின்ட் எல்லாமே என் தலை உயரத்தில் இருந்தன.

"ஏன் சார் இவ்ளோ மேல?"

"கொழந்தைங்க கைய வச்சிடும்ல, அதான்" என்றார் வீட்டுக்காரர்.

அந்த வீட்டில் குழந்தைகளே இல்லை.

பிறகு அவரே கடைகளில் கொடுத்த ஆறு காலண்டர்களைக் கொண்டுவந்து, ஒவ்வொரு ப்ளக்கையும் மறைத்து மாட்டினார்.

"இப்ப எடுங்க தம்பி."

எடுத்தேன்.

வெளியே வந்தால், பக்கத்து வீட்டு அக்கா செங்கற்களை உள்ளே தூக்கிக்கொண்டு போகிறார்.

"எதுக்குக்கா?"

"ஃப்ரிட்ஜ மேல ஏத்தி வைக்கத்தான். ரெண்டு நாள்ல பெருமழைன்றாங்க. போன தடவ தண்ணி இதுவரைக்கும் நின்னுச்சு."

கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

படங்களை என் நம்பரோடு விளம்பரத்தில் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சிதம்பரத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார்.

"வீடு சூப்பரா இருக்குங்க. கைக்கொழந்தய வச்சிக்கிட்டு வாடகை வீட்ல முடியல. வர்ற மாசமே குடி வந்துடலாமா?"

வீட்டுக்காரர் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு போனை வைத்தேன். இதை எழுதும்போது தூறல் ஆரம்பித்துவிட்டது.

வீடு பார்க்கப் போகிறவர்களே, காலண்டரில் நல்ல நாள் பார்த்தது போதும். அதைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்.

ஆமாம், உங்கள் வீட்டு ப்ளக் எந்த உயரத்தில் இருக்கிறது?