நான் சேர்த்த சொல்

அறுபதுகளின் நடுவில், திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஸ்டெனோவாக இருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இங்கிலீஷில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். 'தெரியும்' என்ற ஒன்றை வைத்துக்கொண்டு நம் ஊரே காலம் தள்ளுகிறது, இங்கிலீஷ்காரனோ அதற்கே நோ, அவேர், ரியலைஸ், கிராஸ்ப் என்று அடுக்கி வைத்திருக்கிறான் என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன். அறிவது, புரிவது, உணர்வது எல்லாம் தமிழிலும் இருப்பது அப்போது என் கண்ணில் படவில்லை.

ஒரு நாள் பளு தூக்கும் சங்கிலி அறுந்து, புது மெஷின் ஒன்று தரையில் விழுந்து நொறுங்கியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. சங்கிலியை மாட்டிய தொழிலாளியை அதிகாரி விசாரித்தார்.

"சங்கிலி பழசுன்னு தெரியும்ங்க. எல்லாருக்கும்தான் தெரியும். அதுலதானே தினமும் தூக்கறோம்" என்றார் அவர்.

முதல் வாக்கியம் போதும் என்றார் அதிகாரி. அதை இங்கிலீஷில் டைப் செய்வது என் வேலை. 'ஐ நியூ' என்று எழுதினால் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருந்தது. 'அவேர்' போட்டேன். அது மொட்டையாக நிற்பதாகத் தோன்றவே, முன்னால் 'ஃபுல்லி' சேர்த்தேன். சங்கிலியின் நிலைமையை முழுக்க அறிந்தே மாட்டினேன் என்று ஆகிவிட்டது.

"என்னம்மா எழுதியிருக்கு?" என்று கையெழுத்துப் போட வந்த தொழிலாளி கேட்டார்.

"தெரியும்னு சொன்னீங்கள்ல, அதுதான்."

கையெழுத்துப் போட்டார்.

நாலு நாள் கழித்து, அவரை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவை அதிகாரி சொல்லச் சொல்ல எழுதினேன். காரணம் என்று காட்டியது 'ஃபுல்லி அவேர்' என்ற அந்த இரண்டு சொற்களைத்தான்.

"சார், பழசுன்னுதான் அவர் சொன்னார். அறுந்துடும்னு தெரியும்னு சொல்லலை."

"அப்ப நீ தப்பா டைப் பண்ணினியாம்மா?"

வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இன்னும் நிரந்தரமாகவில்லை.

"இல்லை சார்" என்றேன். உத்தரவை ஒரு பிழையும் இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் கேட் டோக்கனை ஒப்படைக்க வந்தவர் என் மேஜையருகே வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"உங்க மேல ஒண்ணும் இல்லைம்மா. நான் சொன்னதைத்தானே எழுதினீங்க. என் வாய்தான் சும்மா இருக்கலை."

"ஆமாங்க" என்றேன்.