மாமா பெயரில் வந்த ஜோக்குகள்

நேற்றுக் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போன் டிங் என்றது. எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழு. வழக்கமாக அதில் பிள்ளையார் வருவார், இல்லையென்றால் சுக்குக் கஷாயம் வரும். நேற்று அக்கா மகள் தேன்மொழி ஒரு பழைய பத்திரிகைத் துண்டைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். பழுப்பேறிய தாள், நாலே நாலு வரி, பக்கத்தில் பெரிய மூக்குக்காரர் ஒருவரின் கோட்டோவியம். கீழே தடித்த எழுத்தில், ‘சி. கலியமூர்த்தி, சிதம்பரம்’. அதற்கும் கீழே தேன்மொழி, “அப்பா எழுதின ஜோக். மிஸ் யூ அப்பா” என்று சேர்த்திருந்தாள். சொந்தக்காரர்கள் வரிசையாக இதயம் போட்டிருந்தார்கள். நானும் வாயில் நுரையோடு நின்றபடியே ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டேன். வேறென்ன செய்வது? அதை எழுதியவன் நான்தான் என்று அங்கே போய்ச் சொல்ல முடியுமா?

உங்களிடம் சொல்லலாம். நீங்கள் எங்கள் குழுவில் இல்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளனாக இருந்தேன். திருப்பாப்புலியூரில் மாடியில் ஒற்றை அறை. கல்யாணம் ஆகவில்லை. இன்றைக்கும் ஆகவில்லை, அந்தக் கதைக்கு இதோ வருகிறேன். ஆபீஸ் விட்டு அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. கீழ்வீட்டு டி.வி.யில் யாரோ அழுகிற சத்தம் மட்டும் படியேறி வரும். அப்போதுதான் அஞ்சலட்டையில் ஜோக் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பும் பழக்கம் பிடித்துக்கொண்டது. ஜோக் என்றால் இரண்டு பேர் பேச வேண்டும். என் அறையில் ஒருவன்தான் இருந்தேன். அதனால் இரண்டாவது ஆளையும் நானே பேசினேன்.

தலைவர் ஜோக், டாக்டர் ஜோக், மன்னர் ஜோக், மாமியார் ஜோக். மாமியாரே இல்லாதவன் மாமியார் ஜோக் எழுதலாமா என்று கேட்காதீர்கள். மன்னர் ஜோக் எழுதியவர்கள் எல்லாம் அரண்மனையிலா இருந்தார்கள்?

ஆனால் அந்த மாமியார் ஜோக்தான் என் தலையில் மண்ணைப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் ஓர் இடம் ஏறக்குறைய முடிந்திருந்தது. பெண்ணின் அப்பா அந்த ஜோக் வந்த வார இதழை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்கிறவராம். தரகர் வந்து அக்காவிடம் சொன்னார். “பொண்ணப் பாக்கறதுக்கு முன்னாடியே மாமியாரை இந்த வாரு வாருறாரே, கட்டிக்கிட்டா சும்மா இருப்பாரான்னு கேக்கறாங்கம்மா.” அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “இனிமே உன் பேர்ல மாமியாரு, பொண்டாட்டின்னு ஒண்ணு வரக்கூடாது. வந்துச்சு, நான் உன்கூடப் பேசமாட்டேன்.” அம்மா அப்பா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவள் அவள். பேசமாட்டேன் என்றால் பேசமாட்டாள்.

எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிச் சிதம்பரம் போய் மாமாவின் கடையில் உட்கார்ந்தேன். மாமா என்றால் அக்காவின் புருஷன். மேலவீதியை ஒட்டிய சந்தில் எலக்ட்ரிகல் கடை. புது ஒயர்ச் சுருளைப் பிரித்தால் ஒரு பிளாஸ்டிக் வாசனை வரும் பாருங்கள், அந்தக் கடை முழுக்க அதுதான். இன்றைக்கும் எங்காவது வீடு கட்டுகிற இடத்தில் அந்த வாசனை அடித்தால் நான் நின்றுவிடுவேன். மாமா சிரித்து யாரும் பார்த்ததில்லை. ரொம்பச் சந்தோஷம் என்றால் மீசையின் ஒரு பக்கம் லேசாக அசையும், அவ்வளவுதான்.

“மாமா, பொண்டாட்டி ஜோக்கு, மாமியார் ஜோக்கு எல்லாம் உங்க பேர்ல அனுப்பட்டுமா? உங்களுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, இனிமே என்ன வரப்போவுது?”

அவர் ஒரு ஸ்விட்சை மேலும் கீழும் தட்டிப் பார்த்துவிட்டு, “பேரு மட்டுந்தானே? போட்டுக்க மச்சான்” என்றார்.

முதலில் வந்தது ஜன்னல் ஜோக். நேற்று தேன்மொழி போட்டது அதுதான்.

“என் மனைவி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினா எனக்கு வேர்க்க ஆரம்பிச்சுடும்.”

“ஏன், காத்து வராதா?”

“திட்டு வரும்!”

இதில் கற்பனை ஒன்றும் இல்லை. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். யாரையாவது திட்ட வேண்டுமென்றால் முதலில் போய் ஜன்னலைச் சாத்திக் கொண்டி போடுவாள். நம் வீட்டுச் சண்டை எதிர்வீட்டுக்குப் போகக் கூடாது. பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்த நாளெல்லாம் அந்தக் கொண்டிச் சத்தம் கேட்டதுமே கொல்லைப்பக்கம் ஓடிவிடுவேன்.

புத்தகம் வந்த வாரம் பயந்துகொண்டேதான் சிதம்பரம் போனேன். புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசனை. போனால், அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

“ஏண்டா, இந்த மனுசன் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசமாட்டாரு. சுவத்துல மாட்டுன படம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நான் ஜன்னலச் சாத்துறத எல்லாம் பாத்துக்கிட்டே இருந்திருக்காரு பாருடா!”

மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார். அது அதிசயம். “மச்சான், அவகிட்ட சொல்லிடாத.”

“ஏன் மாமா?”

“இன்னிக்குக் கொழம்புல எனக்கு ரெண்டு துண்டு மீனு ஜாஸ்தி.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல” என்றார்.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் ஆபீஸ் முழுக்க நிவாரண வேலை. தேவனாம்பட்டினம் பக்கம் எங்கெங்கிருந்தோ வந்த பழைய துணி மலையாகக் குவிந்து கிடந்தது. ஒரு மீனவர் அதிலிருந்து கனத்த கம்பளிக் கோட்டு ஒன்றை உருவி எடுத்து, பக்கத்தில் நின்றவரிடம் காட்டினார். “இந்தா, ராவுல கடல்ல குளுருமாம், சித்தப்பன் வூட்டுலேர்ந்து குடுத்து உட்டுருக்காங்க.” வீட்டை இழந்த நாலு பேர் அந்த இடத்தில் நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு ஓரமாகப் போய் அழுதேன். அதை நான் எழுதி அனுப்பவில்லை. அது அவருடைய சிரிப்பு. அதற்குப் பிறகு பல மாதம் அஞ்சலட்டையையே தொடவில்லை.

மாமாதான் போன் செய்தார். “ஏன் மச்சான் எழுதல?”

“சிரிப்பு வரல மாமா.”

“எனக்கு எப்பவுந்தான் வராது. அதுக்காவ? உங்க அக்கா வாராவாரம் புஸ்தகத்தப் பொரட்டிப் பொரட்டி என் பேரத் தேடுறா. பாக்கப் பாவமா இருக்கு. ஒண்ணு எழுதுடா.”

எழுதினேன். அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினேன். மாமா பெயர் ஊரில் பிரபலமானது. பல்பு வாங்க வருகிறவர்கள், “நீங்கதானே அந்த ஜோக்கு எழுதறவரு? ஒண்ணு சொல்லுங்களேன்” என்பார்களாம். மாமா, “நாப்பது வாட்டா, அறுவதா?” என்று கேட்பார். அதற்கும் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். சிரிப்பில் பாதி பெயர்தான் ஐயா. இங்கே ஆபீஸில் நான் நல்ல ஜோக்காகச் சொன்னாலும், “சார், அந்த ஃபைல் எங்க?” என்பார்கள்.

புகழ் வந்ததும் மாமாவுக்குப் பொறுப்பும் வந்துவிட்டது. “என் பேர்ல வர்றது எனக்குப் புரியணும்ல?” என்று அனுப்புவதற்கு முன்னால் படிக்கச் சொல்லிக் கேட்பார். கடலூரில் தெருத் தெருவாகப் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்த காலம். நான் ஒரு மன்னர் ஜோக் எழுதினேன். “மன்னா, எதிரிப் படை நகர எல்லைக்கு வந்துவிட்டது!” “வரட்டும் மந்திரி, உள்ளே தோண்டிப் போட்டிருக்கிறோம்.” மாமா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, “மன்னர் காலத்துல ஏது மச்சான் பாதாளச் சாக்கடை?” என்றார். அதை என் பெயரிலேயே அனுப்பினேன். வரவில்லை.

அப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. மாமா நிஜமாகவே அக்காவைக் கவனிக்க ஆரம்பித்தார். மத்தியானம் சாப்பிட்டுக் கடைக்கு வந்ததும் போன் வரும்.

“மச்சான், உங்க அக்கா இன்னிக்கு ஒண்ணு செஞ்சா, எழுதிக்க.”

“சொல்லுங்க மாமா.”

“மாவாட்டுனா.”

“அதுல என்ன மாமா ஜோக்கு?”

“அது உன் வேலை. பாத்துப் போட்டுக்க.”

போகப் போகத் தேறினார். “போன்ல ‘சரி, வச்சிடறேன்’னு சொன்னா. ரசம் ஊத்த வருவான்னு உக்காந்திருந்தேன் மச்சான். கை காஞ்சுபோச்சு.” அது அப்படியே அச்சில் வந்தது. அவள் கோலப்பொடி டப்பாவை எங்கே வைப்பாள், எந்தப் புடவைக்கு எந்தப் பொய் சொல்வாள் என்று எனக்கே தெரியாததெல்லாம் சொன்னார். சாயங்காலம் சீக்கிரம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகிறார் என்று அக்கா பெருமையாகச் சொன்னாள். எனக்குப் பொறாமையாக இருந்தது என்றால் நம்புவீர்களா? இருந்தது. நான் செய்ததெல்லாம் கேட்டதை எழுதி ஊர்ப் பெயர் போட்டுத் தபால்பெட்டியில் போட்டதுதான். போட்டுவிட்டு, முனையில் ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டு மாடி ஏறுவேன். பெண் பார்க்கும் பேச்சு அதற்குள் தானாகவே நின்றுபோயிருந்தது. அந்த மத்தியான போன் மட்டும்தான் எனக்கு வரும் போன்.

தானே புயல் அடித்துக் கம்பமெல்லாம் சாய்ந்தது. அது சரியாவதற்குள் கோடை வந்து, நாள் முழுக்க விட்டு விட்டு மின்வெட்டு. மாமா கடையில் எமர்ஜென்சி லைட் பிய்த்துக்கொண்டு போனது. அந்தச் சந்தடியிலும் ஒருநாள் கூப்பிட்டார்.

“மச்சான், கொஞ்ச நாளா உங்க அக்கா என்னைத் திட்டறதே இல்ல. என்னடா இது, உடம்பு கிடம்பு சரியில்லயான்னு பயந்துட்டேன். இன்னிக்குத்தான் வெளங்கிச்சு. கரண்ட் இல்ல, புழுங்குது. ஜன்னலச் சாத்த முடியல.”

ஆபீஸ் என்பதை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண்காணிப்பாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“மாமா, இது ஜோக்கு.”

“எது?”

“நீங்க இப்பச் சொன்னது. நான் கை வைக்கத் தேவையே இல்ல.”

“நெசமாவா?” என்றார். மீசையின் ஒரு பக்கம் அசைந்திருக்கும். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் எழுதி அன்றைக்கே அனுப்பினேன்.

அது அச்சில் வருவதற்குள் மாமா போய்விட்டார். கடையில் ஏணிமேல் நின்று ஒயர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

கருமாதி முடிந்த மறுநாள் புத்தகம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி அக்கா கையில் கொடுத்தார். ‘சி. கலியமூர்த்தி, சிதம்பரம்’. அக்கா படித்தாள். பாதி ஜன்னல் திறந்திருந்த அந்தக் கூடத்தில், சொந்தமெல்லாம் உட்கார்ந்திருக்கும்போது, வாய்விட்டுச் சிரித்தாள். “ஐயோ, இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று பெரியம்மா எழுந்து ஓடிவந்தாள். சிரித்து முடித்துத்தான் அக்கா அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நீயுந்தான் எழுதுன இத்தினி வருசமா. இந்த மாதிரி ஒண்ணு எழுதியிருக்கியாடா?”

“இல்லக்கா. மாமா மாதிரி எனக்கு வராது” என்றேன்.

அன்றைக்கு அது சத்தியம்.

அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. இரண்டாவது ஆளை நானே பேசும் சாமர்த்தியம் எனக்குப் போய்விட்டது. அந்தப் பத்திரிகையில் இப்போது ஜோக் பக்கம் சுருங்கிப்போய்விட்டது. ஜோக்குகள் ஊர் பேர் இல்லாமல் போனிலிருந்து போனுக்குத் திரிகின்றன. மாமாவின் கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். மத்தியானத்தில் எனக்கு வரும் போன், கடன் வேண்டுமா சார் என்று கேட்கிற பெண்ணுடையது.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். தேன்மொழி பெங்களூரில் இருக்கிறாள். வீட்டில் அக்கா மட்டும்தான். சர்க்கரைக்கு மாத்திரை போட மறந்துவிட்டேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். முன்பெல்லாம் என்றால் இதற்கு ஒரு மணி நேரத் திட்டு கிடைக்கும். அவள் “பாத்துக்கடா” என்றதோடு சரி. நான் எழுந்து போய்க் கூடத்து ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்தேன். அக்கா ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“தொறந்து வையிடா” என்றாள். “காத்தாவது வரட்டும்.”